பதினோராவது ஊசி

சௌதாமினி சிஸ்டர் ஊசி போட்டால், குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் அம்மா அழுது முடித்துவிடுவாள் என்று கேரளத்து மலையூரான கரிம்பாறையில் சொல்வார்கள். அத்தனை சுருக்கான கை. முகம் மட்டும் எப்போதும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் முகம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்கும் பாறைக்கும் இடையே ஏறி இறங்கியவளுக்கு வேறெந்த முகம் வரும்? ஊருக்குச் சொட்டு மருந்து, ஊருக்கு இரும்புச்சத்து மாத்திரை, ஊருக்குக் கொசு மருந்து. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தன் முழங்காலுக்குத் தைலம் எடுத்துத் தேய்க்கக்கூடத் தோன்றாது.

அவள் 'ஏட்டா' என்று கூப்பிடும் கணவர் கங்காதரன் ஜீப் ஓட்டுபவர். பஸ் ஏறாத மேட்டுக்கெல்லாம் அவர் ஜீப் ஏறும். சர்க்கரை நோய் உண்டு, வாயும் உண்டு. இரண்டில் எது பெரிய வியாதி என்று கேட்டால் சௌதாமினி யோசிக்காமல் வாய் என்பாள். மகள் கல்யாணமாகி மங்களூரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ஒரு பூனை, ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும்.

கொரோனா ஊசி ஊருக்கு வந்த மார்ச் மாதத்தில் அதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. இப்போது இதைச் சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. முதல் நாளே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றதாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நின்றதை நான் பார்க்கவில்லை. சௌதாமினி சாலையில் நின்று ஆள் பிடித்ததைத்தான் ஊர் பார்த்தது.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். அதனால் பத்துத் தலை சேராமல் குப்பியைத் திறக்கக்கூடாது. ஆறு பேரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் மனம் மாறி எழுந்து போவதற்குள் மீதி நாலு பேரைத் தேடி சௌதாமினி ஓடுவாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவர், ரேஷன் கடையில் ஒருவர். கள்ளுக்கடை வாசலில் ஒரு நாள் மரம் ஏறும் சாத்துவைப் பிடித்தாள்.

"ஊசி போட்டா கள்ளு குடிக்கக் கூடாதாமே, சிஸ்டர்?"

"யாரு சொன்னா? வா."

"வாட்சப்புல சொன்னாங்க. ஒரு வருஷமாம்."

"அந்த வாட்சப்பே வந்து உனக்கு மூச்சுக் குழாயும் வைக்கட்டும். வர்றியா, மாட்டியா?"

அப்படிச் சேர்த்த பத்து. வீட்டிலேயே ஒரு தலை இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தத் தலைதான் மற்ற எல்லாத் தலைகளையும்விடக் கடினமானது.

"உனக்குப் போட்டாங்க. ரெண்டு நாள் ஜுரத்துல சுருண்டு கிடந்தே. நோய் வராம இருக்கத்தானே ஊசி? ஊசியைப் போட்டு நோயைக் கூப்பிடறது என்ன வைத்தியம்டீ?"

"அது நோய் இல்ல ஏட்டா. உடம்பு பழகுது."

"போட்டவனுக்கும் வருதாமே."

"வரும். வராதுன்னு யாரு சொன்னா? வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டுப் போகாது."

"அவ்வளவுதானா? ஆஸ்பத்திரிக்குத்தானே, நானே ஜீப்ல போய்க்குவேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பகல் முழுக்க ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு வீட்டில் இன்னொரு முறை ஆரம்பிக்கத் தெம்பு இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாம். குப்பி நிறைய மருந்து இருந்த மாதம் அது. அவள் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் பாதியில் எல்லாம் தலைகீழானது. பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த குடும்பத்தில் மூன்று பேர் அடுத்தடுத்துப் போனார்கள். அந்தச் செய்தி மலை ஏறி வந்த மறுநாள், சுகாதார நிலையத்து வாசலில் விடிவதற்கு முன்பே செருப்புகள் வரிசையில் கிடந்தன. செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆட்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். சாத்துவின் செருப்பும் இருந்தது, இரண்டாவது ஊசிக்கு நாள் வராமலே.

ஊர் முழுக்க விழித்துக்கொண்ட நேரம் பார்த்து மருந்து குறைந்தது. நூறு வந்த இடத்தில் முப்பது. அதற்கும் போனில் பதிவு செய்ய வேண்டும். கரிம்பாறையில் போன் பேசவே பாறை மேல் ஏற வேண்டும், பதிவு எங்கே செய்வது? பட்டணத்தில் வேகமான விரலும் வேகமான நெட்டும் உள்ளவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டுக் காரில் ஏறி வந்தார்கள். சுகாதார நிலையத்து எதிரே எங்கள் பலா மரத்தடியில் அதுவரை பார்த்திராத கார்களெல்லாம் நின்றன.

அங்கேதான் சௌதாமினியின் கை பேர் வாங்கியது. குப்பியில் பத்துப் பேருக்கு என்று எழுதியிருந்தாலும் சிந்துகிறதற்கென்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிந்தாமல், குமிழி விடாமல் எடுக்கத் தெரிந்தால் பதினோராவது ஆளுக்கும் முழு அளவு கிடைக்கும். கேரளத்தில் பல நர்ஸுகள் எடுத்தார்கள். சௌதாமினி தவறாமல் எடுத்தாள். அந்தப் பதினோராவதை, போன் இல்லாமல் பதிவு இல்லாமல் மரத்தடியில் காத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் போடுவாள். கூலிக்காரர், மீன் கூடைக்காரி, காது கேட்காத கிழவர். யாருக்கும் சொல்லி வைக்கவில்லை, தானாக அமைந்துவிட்ட வழக்கம்.

நல்ல வழக்கம் ஊரில் எத்தனை நாள் தாங்கும்? மரத்தடியில் காத்திருந்தும் கிடைக்காதவர்கள் வார்டு மெம்பர் உம்மரிடம் போய் முறையிட்டார்கள். உம்மர் கெட்டவன் இல்லை. ஆனால் நாலு பேர் கூடி நின்றால் நாக்கு நிற்காது.

"டப்பாவுல பத்துன்னுதான் எழுதியிருக்கு. பதினொண்ணாவது எங்க போகுது? சிஸ்டர் வீட்டு அடுக்களைக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே பஞ்சு கிழித்துக்கொண்டிருந்த சௌதாமினிக்குக் காதில் விழுந்தது. இத்தனை வருட வேலையில் ஒரு பாராசிட்டமால் அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகாதவள். அவளுக்கு அழுகை வரவில்லை, அழக்கூட உட்கார வேண்டும். பஞ்சை இன்னும் வேகமாகக் கிழித்தாள், அவ்வளவுதான்.

புதிதாக வந்திருந்த டாக்டர் நிமிஷா சண்டையை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"சிஸ்டர் எப்படியும் பதினொண்ணு எடுத்துடறீங்க. குப்பிக்குப் பதினொண்ணுன்னே டோக்கன் கொடுத்துடலாம். அப்ப யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க."

"எப்பவும் வரும்னு சொல்ல முடியாது டாக்டர்."

"உங்களுக்கு வராம வேற யாருக்கு வரும்?"

பாராட்டுக்கு எதிராகப் பேசத் தெரியாதவள் சௌதாமினி. இப்படியாக, இருந்தால் லாபம் என்றிருந்த பதினோராவது, இருந்தே தீர வேண்டிய பதினோராவதாக மாறியது. அன்றிலிருந்து குப்பி முடியும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் சோற்றுப் பானையிலிருந்து கரண்டியை எடுக்கும்போதுகூடக் கை மெதுவாகப் போனது.

கங்காதரனின் வாயும் இதற்குள் அடங்கியிருந்தது. பஞ்சாயத்து அவர் ஜீப்பை நோயாளிகளைக் கொண்டுபோக எடுத்துக்கொண்டது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் காகிதத்தை ஒட்டி, மலையிலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு நாள் முழுக்க ஓட்டினார். ஏற்றிக்கொண்டு போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. ஒரு நாள் ஜீப்பைக் கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊசி எனக்கும் கிடைக்குமாடீ?"

சௌதாமினிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "முதல்ல மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க" என்றாள்.

"மூக்கை மூடினா பேச முடியல."

"அதுக்குத்தான்."

பக்கத்து வீட்டு ஜிஷா பாறை மேல் உட்கார்ந்து அவருக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தாள். சொந்த ஊரிலேயே, சொந்தப் பெண்டாட்டி கையாலேயே. பதிவு நேர்மையானது, வயது சரி, நோயும் இருக்கிறது. ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஊரில் இனிப்புக் கொடுக்காத குறைதான்.

புதன்கிழமை காலை கங்காதரன் இஸ்திரி போட்ட சட்டையில், மாஸ்க் மூக்குக்கு மேலே இருக்க, டோக்கனோடு வந்து உட்கார்ந்தார். மூன்று குப்பிதான் வந்திருந்தது. முதல் குப்பிக்காரர்கள் வரிசையில் அவர் டோக்கன். சௌதாமினி தலையை நிமிர்த்தினாள். கணவரைப் பார்த்தாள். வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த உம்மரையும் பார்த்தாள். அடுக்களை என்ற சொல் மறுபடியும் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"ஏட்டா, நீங்க கடைசியில வாங்க."

"ஏன்டீ? என் டோக்கன் முன்னாலதானே இருக்கு?"

"கடைசியிலன்னா கடைசியில."

அதிசயமாக, அவர் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து பலா மரத்தடிக்குப் போனார். அங்கே நின்றவர்களிடம், "வீட்லயும் இதே கதைதான். எல்லாரும் தின்ன பிறகு சட்டியில ஒட்டினது எனக்கு" என்றார். மரத்தடி சிரித்தது. உம்மருக்கும் புரிந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, கை உயர்த்தி, "அதான் நம்ம சிஸ்டர்!" என்றான்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் சௌதாமினிக்குப் பெருமையாக இருந்தது. பல வாரமாகக் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. ஊரே பார்க்கட்டும், சொந்த வீட்டுக்காரருக்குத்தான் கடைசி இடம்.

இரண்டு குப்பியிலும் பதினொன்று வந்தது. மூன்றாவதைத் திறக்கும்போது மதியம் தாண்டியிருந்தது. காலையில் தின்ற புட்டு எப்போதோ கரைந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. பத்தாவதாக உட்கார்ந்தவர் பட்டணத்திலிருந்து காரில் வந்தவர். வெறும் ஊசியைக் குத்தி ஏமாற்றுகிறார்கள் என்று எங்கேயோ வீடியோ பார்த்திருந்தார்.

"காட்டுங்க மேடம். முழுசா இருக்கான்னு நான் பார்க்கணும்."

காட்டினாள்.

"அதுல குமிழி இருக்கே?"

"சின்னது சார். ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா எப்படி? வெளிய தள்ளுங்க."

தட்டித் தள்ளினாள். குமிழியோடு மருந்தும் ஊசி முனையில் துளிர்த்து வழிந்தது. "இப்பக் கோட்டுக்குக் கீழ இருக்கே" என்றார் அவர். அதுவும் சரிதான். அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றில் முழுசாக எடுத்து அவருக்குப் போட்டாள். அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அவள் கை நடுங்காமல் இருந்திருந்தால் முதல் தடவையே குமிழி ஏறியிருக்காது.

கங்காதரன் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். சௌதாமினி குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்தாள். சாய்த்து இழுத்தாள். மருந்து கோட்டுக்குக் கீழேயே நின்றது. பாதிக்கும் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

"என்னடீ, டீசல் தீர்ந்துபோச்சா?"

"குறையுது."

"குறைஞ்சா என்ன? இருக்கறதைப் போடு. உன் கையால எது போட்டாலும் எனக்குப் போதும்."

டாக்டர் நிமிஷா பக்கத்தில் வந்து பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "போட்டுடலாமே, சிஸ்டர். பாவம், காலையிலருந்து உட்கார்ந்திருக்கார்."

"போட்டா முதல் ஊசின்னு பதிவாயிடும் டாக்டர். அப்புறம் பன்னிரண்டு வாரத்துக்கு இவர் வேற போட்டுக்க முடியாது. இது எவ்வளவு காக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டருக்குத் தெரியவில்லை. சௌதாமினிக்கும் தெரியவில்லை. அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முதலில் வழிந்த ஊசியில் இருந்ததையும் இதையும் சேர்த்துவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. கூடாது. அதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். குறைந்த ஊசியைக் கழிவுக்கான சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள்.

"அடுத்த லோடு வரட்டும் ஏட்டா. முதல் ஆளா உங்களுக்குத்தான்."

"முதல் ஆளா! இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜீப்பை எடுக்கப் போனார். மேல் கரையில் ஒரு நோயாளி காத்திருந்தார்.

அடுத்த லோடு வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. கொஞ்சம் வந்தபோது, அது இரண்டாவது ஊசிக்காரர்களுக்கு மட்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. சாத்து வந்து போட்டுக்கொண்டு, "சிஸ்டர், இப்ப நான் ரெட்டை இஞ்சின்" என்று தோளைக் காட்டினான். கங்காதரன் தினமும் சாயங்காலம் கேட்பார், "முதலாளி, லோடு வந்துச்சா?" அவள் இல்லை என்று தலையாட்டுவாள். மூன்று வாரம் இப்படிப் போனது.

நாலாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் அவளுக்கும் வந்தது. ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே கஞ்சி. சௌதாமினிக்குத் தலைவலி, மூக்கில் வாசனை போயிற்று, பால் விடாத கட்டன் காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஊசி போட்ட உடம்பு. கங்காதரன் எழுந்திருக்கவில்லை. மார்ச் மாதத்தில் தான் ஊர் முழுக்கத் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் உண்மைதான் என்பதைச் சௌதாமினி ஒரே கட்டிலின் இரண்டு பக்கங்களில் பார்த்தாள். வேறு யாருக்காவது அது நிரூபணமாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்கியதும் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் இல்லை. உம்மர் கவச உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து அவருடைய ஜீப்பையே எடுத்தான். நோயாளிகள் உட்காரும் பின் சீட்டில், பிளாஸ்டிக் காகிதத்துக்கு அந்தப் பக்கம், கங்காதரன் சாய்ந்துகொண்டார். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"உம்மரே... மூணாவது கியர் இறுகும். உதைச்சுப் போடு."

பிறகு சௌதாமினியைப் பார்த்தார். "ஜீப்லதான் போறேன், பாத்தியா?"

அவளைக் கூடப் போக விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீப் வளைவில் திரும்பும்போது மூன்றாவது கியர் கரகரத்தது கேட்டது. அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் போன் வந்தது. மகளுக்கு எல்லை தாண்டி வர வழியில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதியும் இல்லை. உம்மரும் அவன் கட்சிப் பையன்கள் இரண்டு பேரும் தாலுகா சுடுகாட்டில் எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள். திரும்பி வந்து அவன் வேலிக்கு வெளியே நின்றான். உடுப்புக்குள் வியர்த்து முகமெல்லாம் வெந்திருந்தது.

"சேச்சி... நான் அன்னிக்கு அடுக்களைன்னு... வாய்தான் சேச்சி, மனசுல ஒண்ணும் இல்ல."

"நீ சாப்பிட்டியா?" என்றாள் சௌதாமினி. மன்னிப்பதற்கும் திட்டுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. அவளிடம் அது இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது டாக்டர் நிமிஷா கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குப் போட்டிருந்தாலும் ஒரு ஊசி பாதிக் காவல்தான், சிஸ்டர்."

"பாதி போதுமே, டாக்டர்" என்றாள் அவள். "மீதிப் பாதியை நான் பார்த்திருப்பேன்." கையை விடுவித்துக்கொண்டு பஞ்சை எடுத்தாள். வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் மருந்து வர ஆரம்பித்தது. ஓணத்துக்கு முன் பெட்டி பெட்டியாக வந்தது. கரிம்பாறையில் எல்லோரும் இரண்டும் போட்டு முடித்தார்கள், அடுத்த வருடம் மூன்றாவதும் வந்தது. அதற்குள் நோய்க்கு வீரியம் போய், ஊருக்கு மறதி வந்துவிட்டது. மாஸ்க்குகள் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கின. குளிர் பெட்டியில் மருந்து தேதி முடியக் காத்துக் கிடந்தது. பத்துப் பேர் சேர வேண்டும் என்ற சட்டமும் போயிற்று. ஒருவர் வந்தாலும் குப்பியைத் திறந்து போடுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள் என்று சொன்னார்கள்.

ஒரு டிசம்பர் காலையில் வளைகுடாவுக்குப் போகிற பையன் ஒருவன் வந்தான், சான்றிதழுக்காக மூன்றாவது ஊசி வேண்டும் என்று. அன்றைக்கு அவன் மட்டும்தான். சௌதாமினி குப்பியைத் திறந்து போட்டாள். அவன் தோளைத் தடவிக்கொண்டு போய்விட்டான். நாலு மணி நேரம் அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பலா மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது.

நேரம் முடிந்தது. கொட்டுவதற்குக் குப்பியை எடுத்தாள். எடுத்தவள், வேறு அலமாரியிலிருந்து பெரிய ஊசிக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து, குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கை நடுங்கவில்லை. ஒரு குமிழியும் ஏறவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பத்துப் பேருக்கு இருந்தது, கோடு பிசகாமல். பையனுக்குப் போட்டதோடு பதினொன்று.

"டாக்டர்" என்று கூப்பிட வாயெடுத்தாள். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு ஊசிக் குழலைச் சிவப்புப் பெட்டியின் மேல் கவிழ்த்துப் பிடித்து, அடியில் கட்டை விரலை வைத்து, எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள்.